விஐஓஎஸ் புதுப்பிப்பு: ஓடும் வட்டிலா, நகல் வட்டிலா, புதிய நிறுவலா?

ஐபிஎம் பவர் சர்வர்களில் வாடிக்கைப் பகுதிகள் (ஒரே சர்வரைப் பிரித்து உருவாக்கிய, பயன்பாடுகள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) அனைத்துக்கும் வட்டையும் வலையமைப்பையும் பகிர்ந்தளிப்பது விஐஓஎஸ் (VIOS) என்னும் மென்பொருள். அதற்கென்று தனி மெய்நிகர் பகுதி உண்டு. அதன் அடித்தளம் ஐபிஎம்மின் யுனிக்ஸ் இயக்க முறைமையான ஏஐஎக்ஸ். அதைப் புதுப்பிக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. சென்னையில் வங்கிச் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் முறைகளான நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் 24 மணி நேரமும் இயங்குவதால், இரவில் தாராளமாகக் கிடைத்த இடைவெளி இப்போது இல்லை. ஆகவே எந்த வழி வேகமானது என்பதைவிட, புதுப்பிப்பு தவறினால் எந்த வழியில் விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதல் வழி, ஓடிக்கொண்டிருக்கும் வட்டிலேயே அப்டேட்ஐஓஎஸ் கட்டளையைக் கொண்டு புதுப்பிப்பது. கூடுதல் வட்டு வேண்டாம், தயாரிப்பும் குறைவு. ஆனால் சேவை வழங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியிலுள்ள கோப்புகள் மாறுகின்றன. கமிட் செய்துவிட்ட (நிரந்தரமாக உறுதிசெய்த) கோப்புத் தொகுப்புகளை விலக்கவும் முடியாது. பேக்கப்பிலிருந்து மீட்பதே மிஞ்சும். சோதனைச் சர்வருக்கு இது போதும். பணப் பரிமாற்றம் நடக்கும் சர்வருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, ஆல்ட்-ரூட்-விஜி கட்டளையால் ரூட்விஜியை (இயக்க முறைமை இருக்கும் வட்டுத் தொகுதியை) வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, புதுப்பிப்பை அந்த நகலில் மட்டும் செய்வது. நகலெடுக்கும் நேரம் முழுவதும் பழைய அமைப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். நிறுத்தம் என்பது ஒரு ரீபூட் மட்டுமே. திரும்ப வேண்டுமானாலும், பூட் பட்டியலை (எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்ற வரிசையை) பழைய வட்டுக்கு மாற்றி மீண்டும் ஒரு ரீபூட். உள்வட்டுகள் இரண்டும் மிரர் செய்யப்பட்டிருந்தால் (ஒன்றில் உள்ளதே மற்றதிலும் எழுதப்பட்டு வந்தால்), ஒன்றை மிரரிலிருந்து விடுவித்துப் பயன்படுத்தலாம்; அதுவரை பாதுகாப்பு ஒற்றை வட்டில் நிற்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சான் (வெளிச் சேமிப்பக வலையமைப்பு) வழியே பூட் ஆகும் அமைப்பாக இருந்தால் ஸ்டோரேஜ் குழுவிடம் இன்னொரு லன் (அங்கிருந்து ஒதுக்கப்படும் வட்டு) கேட்பதே நல்லது.

இந்த வழியில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நகலெடுத்த பிறகு ஓடும் அமைப்பில் புதிதாக ஒரு வட்டை யாராவது மேப் செய்தால் (ஒரு வாடிக்கைப் பகுதிக்கு ஒதுக்கினால்), அது நகலில் இருக்காது. எனவே நகலெடுத்த நேரத்திலிருந்து ரீபூட் முடியும்வரை எந்த மாற்றத்துக்கும் இடம் தரக்கூடாது. மேலும் இக்கட்டளை, நகல் முடிந்தவுடன் பூட் பட்டியலைத் தானாகவே புதிய வட்டின் பக்கம் திருப்பிவிடும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் போன்ற புயல்கள் இரண்டுமே டிசம்பரில் வந்த நகரத்தில், மின்சாரம் போய் சர்வர் எதிர்பாராமல் ரீபூட் ஆனால், யாரும் திட்டமிடாத வேளையில் புதிய பதிப்பு மேலெழும். ஆகவே நகலெடுத்தவுடன் பூட்லிஸ்ட் கட்டளையால் பட்டியலைப் பழைய வட்டுக்கே திருப்பி வைத்து, அனுமதித்த நேரம் வந்த பிறகு மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது.

மூன்றாவது, விஐஓஎஸ்அப்கிரேட் கட்டளையால் புதிதாக நிறுவுவது. 2018இல் வந்த 3.1 பதிப்பு ஏஐஎக்ஸ் 7.2ஐயும், 2023இல் வந்த 4.1 பதிப்பு ஏஐஎக்ஸ் 7.3ஐயும் அடித்தளமாகக் கொண்டவை. 2.2இலிருந்து 3.1க்கோ, 3.1இலிருந்து 4.1க்கோ போகும்போது அப்டேட்ஐஓஎஸ் உதவாது, இந்த வழிதான். இது மாற்று வட்டில் புதிதாக நிறுவி, மேப்பிங் விவரங்களை மீட்டுத் தரும். பழைய வட்டு அப்படியே இருக்கும். ஆனால் கண்காணிப்பு ஏஜென்ட், கிரான் பதிவுகள் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்), பிற நிறுவனங்களின் மல்டிபாத் டிரைவர் (ஒரே வட்டுக்குப் பல பாதைகளைக் கையாளும் மென்பொருள்) முதலியவை தாமாக வந்து சேரா. அவற்றின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்களுக்கு மறுநாள் காலை வேலை காத்திருக்கும்.

எந்த வழியானாலும், பூட் அமைப்புகளைவிட அதிகம் மறக்கப்படுவது எச்எம்சியில் (பவர் சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோலில்) உள்ள ப்ரொஃபைல், அதாவது ஒரு பகுதிக்குரிய வளங்களின் சேமித்த பட்டியல். ஓடும்போது சேர்த்த மெய்நிகர் அடாப்டர்கள் ப்ரொஃபைலில் சேமிக்கப்படாமல் இருந்தால், உள்ளிருந்தே ரீபூட் செய்யும்போது எதுவும் தெரியாது. பகுதியை முழுதாக நிறுத்தி ப்ரொஃபைலிலிருந்து எழுப்பும்போதுதான் அவை மறைந்துபோய், அவற்றை நம்பியிருந்த வாடிக்கைப் பகுதிகள் வட்டை இழக்கும். தொடங்கும் முன் தற்போதைய அமைப்பை ப்ரொஃபைலில் சேமித்து, விஐஓஎஸ்பிஆர் கட்டளையால் எடுத்த அமைப்பு விவரங்களின் பேக்கப்பை வேறு சர்வருக்கு நகலெடுத்துவிட வேண்டும்.

இரட்டை விஐஓஎஸ் இருந்து, வட்டுக்கு ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு பாதை இருந்தால் வாடிக்கைப் பகுதிகள் நிற்காமலே இவ்வளவையும் முடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் முதலாவதைப் புதுப்பித்தவுடன் அவசரப்பட்டு இரண்டாவதைத் தொடக்கூடாது. விஸ்கசி (விஐஓஎஸ் தரும் மெய்நிகர் ஸ்கசி) வட்டுகளில், பாதைகளை எத்தனை விநாடிக்கு ஒருமுறை சோதிப்பது என்று சொல்லும் ஹெச்செக்-இன்டர்வல் மதிப்பு 0ஆக (சோதனையே இல்லை என்று) விடப்பட்டிருந்தால், முதல் விஐஓஎஸ் திரும்பி வந்த பிறகும் பாதைகள் ஃபெயில்டு நிலையிலேயே நிற்கும். அந்நிலையில் இரண்டாவதை ரீபூட் செய்தால் வட்டுக்கு ஒரு பாதையும் மிஞ்சாது. மதிப்பை 60ஆக முன்பே அமைத்து, ஒவ்வொரு ஏஐஎக்ஸ் பகுதியிலும் பாதைகளின் நிலையைக் காட்டும் எல்எஸ்பாத் கட்டளையைக் கொடுத்து எல்லாப் பாதைகளும் எனேபிள்டு என்று வந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பகுதிகளை வேறு சர்வருக்கு எல்பிஎம் (ஓடும் பகுதியை நிறுத்தாமல் இடம் மாற்றும் வசதி) மூலம் நகர்த்திவிட்டுப் புதுப்பிப்பதும் உண்டு. பகுதி மெய்நிகர் ஃபைபர் சேனல் அடாப்டரைப் பயன்படுத்தினால், அதற்குரிய இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன்களில் (சேமிப்பக வலையமைப்பு முகவரிகளில்) இரண்டாவதும் ஸோனிங்கில் (எது எதை அணுகலாம் என்ற சான் அனுமதியில்) சேர்ந்திருந்தால் மட்டுமே அது சாத்தியம்.

வழக்கமான திருத்தத் தொகுப்புக்கு நகல் வட்டு, பதிப்புத் தாவலுக்கு விஐஓஎஸ்அப்கிரேட் என்பதே என் தேர்வு. இரண்டிலும் பழைய வட்டை மறுநாளே அழித்து மிரரில் சேர்க்காமல், குறைந்தது ஒரு மாத இறுதிக் கணக்கு முடிப்பையாவது புதிய பதிப்பு சுமந்து முடிக்கும்வரை வைத்திருப்பது நல்லது.