ஐந்தாண்டுத் தோட்டக் குறிப்பேடு: நம் ஊர் மண்ணுக்கும் மழைக்கும் பொருந்துமா?

ஆண்டிறுதியில் மலேசியாவின் சுங்கை சிப்புட் எழுதுபொருள் கடைகளில் வந்து இறங்கும் நாட்குறிப்பேடுகளுக்கு நடுவே, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்றே அச்சிடப்பட்ட ஐந்தாண்டுக் குறிப்பேடு ஒன்றும் கிடைக்கிறது. குளிர்நாட்டிலிருந்து இறக்குமதியாகும் பதிப்பு. 60 ரிங்கிட்டுக்கு மேல் விலை. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்புறத்தில் நாலு பாத்தியும், வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது யோசிக்க வைக்கும் விலைதான். சில ஆண்டுகளாக இதில் எழுதி வருபவன் என்ற முறையில், கொடுத்த காசுக்கு எது கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இதன் உயிர்நாடி பக்க அமைப்பு. ஒரு தேதிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு ஐந்து பட்டைகள். இன்று எழுத உட்கார்ந்தால், சென்ற ஆண்டு இதே நாளில் என்ன விதைத்தோம், எந்தச் செடியில் பூச்சி கண்டது என்பது மேலேயே கண்ணில் படும். நான்கு பருவங்கள் இல்லாத நாட்டில் இந்த ஒப்பீடு மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் மேற்குக் கரையில் நமக்குக் காலத்தைப் பிரித்துக் காட்டுவது மழை ஒன்றே. ஏப்ரலை ஒட்டி ஒரு பெருமழை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு பெருமழை, இடையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை குறைந்த மாதங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது தமிழகத்து உழவுக்குச் சரியான சொல்; இங்கே ஆடி மாதம் அந்த மழை குறைந்த காலத்திலேயே விழுகிறது. என் ஏட்டின் ஜூலைப் பக்கங்களில் ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் ஊற்றிய குறிப்புகளே நிறைந்திருப்பதைப் பார்த்த பிறகு, கீரைக்கும் வெண்டைக்கும் விதைப்புத் தேதியை மழையை ஒட்டித் தீர்மானிக்கத் தொடங்கினேன்.

ஆனால் ஏட்டின் முன்பகுதி நமக்குப் பெரும்பாலும் பயன்படாது. உறைபனி எப்போது முடியும், நாற்றுகளை எந்த வாரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுக்கலாம், வசந்தத்தில் என்ன, இலையுதிர் காலத்தில் என்ன என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ அரைமணி நேரமே வேறுபடும் ஊரில் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நமக்கு வேண்டியது விதைத்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு: முளைக்கீரை 25 முதல் 30 நாளில் பறிக்கலாம், வெண்டை 40 நாளையொட்டிப் பூக்கும், இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் எட்டு மாதமாவது காத்திருக்க வேண்டும். அப்படி ஓர் அட்டவணையை நானே எழுதி, உறைபனி அட்டவணையின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை, மழையளவுக்கென்று ஒரு கட்டம்கூட இல்லாதது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே உறுத்தும். தோட்டத்து ஆபீஸ்களில் மழைமானி வைத்து, காலைதோறும் பார்த்து மில்லிமீட்டர் கணக்கில் எழுதி வைப்பது நெடுநாள் வழக்கம். அங்கே பயிராகும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நேரும் வறட்சி பல மாதங்கள் கழித்துத்தான் குலைகளின் எண்ணிக்கையில் தெரிய வரும் என்பதால், பழைய மழைக்கணக்கு இல்லாமல் விளைச்சலைப் பற்றிப் பேசவே முடியாது. வீட்டில் அதற்கு மழைமானி வாங்க வேண்டியதில்லை. பக்கங்கள் நேராக நிற்கும் பால்மாவு டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலையில் அடிமட்டக்கோலால் நீரின் உயரத்தை அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை, ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அந்த எண்ணைப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வருகிறேன்.

கடைசியில் உள்ள கட்டம் போட்ட தாள்களை மனமாரப் பாராட்டுகிறேன். பாத்திகளின் வரைபடத்தை அவற்றில் ஆண்டுவாரியாக வரைந்து வைக்கலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றையும் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய் மண்ணிலேயே தங்கிவிடும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால், அடித்தண்டைக் குறுக்கே வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிழை நீருக்குள் மெல்ல இறங்கினால் அந்த நோய்தான். அது எந்தப் பாத்தி என்பதை வரைபடத்தில் குறித்து வைத்தால்தான், அடுத்தடுத்த நடவுகளில் அங்கே சோளமோ பயித்தங்காயோ போட நினைவிருக்கும். பாத்திகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் மனக்கணக்கை நம்ப முடியாது.

தாளும் கட்டும் தரமானவை. தையல் போட்ட முதுகு, அகல விரித்து வைத்தாலும் பிரிவதில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் ஜெல் பேனா மை ஊறிப் பரவுகிறது, பந்துமுனைப் பேனாவே நல்லது. பட்டைகள் குறுகலானவை, தமிழில் எழுதினால் நான்கு வரிதான் கொள்ளும். பின்னட்டையில் விதை உறை வைக்க ஒரு பை தைத்திருக்கிறார்கள். அதில் விதையை வைக்காதீர்கள், ஈரம் குடித்து முளைப்புத்திறன் போய்விடும். விதைகளை இறுக மூடிய குப்பியில் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, காலியான உறையை மட்டும் இந்தப் பையில் செருகினால் ரகமும் காலாவதித் தேதியும் கையில் இருக்கும்.

நாலைந்து பூந்தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. அதே கடையில் விற்கும் பக்க எண் அச்சிட்ட கனத்த அட்டை ஃபூல்ஸ்கேப் புத்தகம் சில ரிங்கிட்டுக்குள் அந்த வேலையைச் செய்துவிடும். பாத்தி போட்டுச் சமையலுக்குக் காய் பறிப்பவர்கள், தொடர்ந்து எழுதும் பொறுமை இருந்தால், தாராளமாக வாங்கலாம். இங்குள்ள அச்சகத்தார் யாரேனும் முன்வந்து, பருவ அட்டவணைகளுக்குப் பதில் மழைக்கட்டமும், விதைப்பு முதல் அறுவடை வரையிலான நாள்கணக்கும் சேர்த்து, பட்டைகளைச் சற்று அகலமாக்கித் தமிழில் வெளியிட்டால், என் வீட்டுக்கு ஒன்றும் அம்மா வீட்டுக்கு ஒன்றும் முன்பணம் கட்டியே வாங்கிக்கொள்வேன்.