முதுகில் ‘டக்’ என்று ஒரு சத்தம், 36,000 ரூபாய் காலி – கோவைக்காரர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள், ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஒரு அமுக்கு, கழுத்தில் ஒரு திருப்பு, சத்தம் கேட்க மைக் வேறு வைத்திருப்பார்கள். அந்த மாதிரி ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில்தான் என் 36,000 ரூபாய் போய்விட்டது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி சொல்வதால் போடவில்லை. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

எனக்கு லேத் பட்டறை. நாள் முழுக்கக் குனிந்து நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கே போனதும் சுவரில் பெரிதாக ‘1895 முதல் அமெரிக்காவில்’ என்று எழுதியிருந்தது. பால்மர் என்பவர் அந்த வருடம் இந்தக் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கியது உண்மைதான், ஆனால் அவர் முதலில் சரிசெய்ததாகச் சொன்னது முதுகுவலியே இல்லை, ஒருவருடைய காது கேளாமையை! இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, என் மனைவியைக் கூப்பிட்டு, “பாருங்க மேடம், இடது கால் அரை இஞ்ச் குட்டை, எலும்பு விலகியிருக்கு” என்றார். அப்புறம் இடுப்பில் ஓங்கி ஒரு அமுக்கு. டக். மறுபடி குதிகாலைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டும் சமம்! என் மனைவி அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். எக்ஸ்ரேயில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, 24 சிட்டிங் 48,000, இன்றைக்கே கட்டினால் 36,000 என்றார்கள். கட்டினோம்.

அடுத்த தடவையிலிருந்து அந்தப் பெரியவரைப் பார்க்கவே முடியவில்லை. யாரோ ஒரு பையன் வருவான், வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, ஐந்து நிமிடத்தில் “ஓகே சார்”. கொஞ்ச நாளில் வலி காலுக்கு இறங்கி, கட்டைவிரல் மரத்துப்போனது. சொன்னால், “உடம்பு அட்ஜஸ்ட் ஆகுது சார், நல்ல அறிகுறி” என்கிறான். என்ன நல்ல அறிகுறி, செருப்பு கழன்று விழுவது கூடத் தெரியவில்லை எனக்கு!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம் ஹெட் ஆபீஸில் பேசுங்கள், அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. நேரில் போய் நின்றால் ரிசப்ஷன் பெண், “அண்ணா, ரீஃபண்ட் கிடையாதுங்க, உங்க வீட்ல வேற யாருக்காச்சும் முதுகுவலி இருந்தா பேக்கேஜை மாத்தித் தர்றோங்க” என்கிறது. 36,000 கொடுத்து வீட்டில் இன்னொருவருக்கு வலி வரும் என்று காத்திருக்க வேண்டுமாம்!

இப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போகிறேன், சிட்டிங்குக்கு 400 ரூபாய். அவர் முதலில் கையே வைக்கவில்லை. காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்தினார், சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா என்று கேட்டார். அப்புறம்தான் முதுகெலும்பை ஒட்டிக் கட்டைவிரல்களால் மெதுவாக, விட்டு விட்டு அமுக்கினார். சத்தமே இல்லை. அந்த டக் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவதாம், எலும்பு ஏறி உட்கார்வதில்லை. கால் நீளமும் படுக்கிற சாய்வு, பிடிக்கிற பிடியைப் பொறுத்து மாறிக் காட்டுமாம்.

அவர் கைரோவைத் திட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் இடுப்புவலிக்கு அந்த வேகமான அமுக்கும் இவர் செய்வதும் ஏறக்குறைய ஒரே பலன்தானாம், தேவைப்பட்டால் பிசியோ படித்தவர்களும் அப்படி அமுக்குவார்களாம். இரண்டுக்குமே உடற்பயிற்சி சேர வேண்டும், கை வைத்தியம் மட்டும் நிற்காது என்றார். கால் மரத்த பிறகும் சோதிக்காமல் அமுக்கியதுதான் அவருக்கே கோபம்.

விவரமாக எழுத நினைத்தேன், பட்டறையில் ஆள் காத்திருக்கிறது. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் கொடுங்கள். கழுத்தைச் சடாரென்று திருப்ப விடாதீர்கள், அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. எலும்பு தேய்ந்த வயதானவர்களைக் கூட்டிப் போகவே போகாதீர்கள். சிறுநீர் அடைத்தாலோ, இரண்டு காலும் மரத்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, வேறு எங்கும் இல்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லை எடுத்துப் படிக்கச் சொன்னார்கள். படித்தால் அதில் சிகிச்சை என்ற வார்த்தையே இல்லை, ‘வெல்னஸ் மெம்பர்ஷிப் 36,000’ என்று இருக்கிறது. உங்கள் பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.