மூன்று டப்பா, ஒரு பட்டை: எடை குறைக்க ஐந்து ஆண்டுகள் வாங்கியவை

2019 ஜூனில் என் எடை 78 கிலோ, உயரம் 157 செ.மீ. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய எடை மூன்று வருடமாகியும் இறங்கவில்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை. காலை 9 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை 6 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். கணக்கு எழுதும் கை என்பதால் எடை, சாப்பாடு, செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். 2024 வரை நான் செலவழித்த தொகை 67,749 ரூபாய். அதில் 57,600 ரூபாய் முதல் எட்டு மாதத்திலேயே போனது.

அது ஷேக் கிளப், அதாவது சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாலில் கலக்கிய சத்துப்பொடியைக் குடிக்கச் சொல்லும் இடம். எங்கள் தெருவில் ஒரு அக்கா தன் வீட்டு மாடியில் நடத்தினார். "எடை குறைக்க, கூட்ட" என்று மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீசை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் இலவசப் பரிசோதனை. ஒரு கருவியில் ஏறி நின்று கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னார்கள். சீட்டில் வந்தது: கொழுப்பு 38.4 விழுக்காடு, உடல் வயது 52. அப்போது எனக்கு 36 வயது. அன்று இரவு நான் தூங்கவில்லை. இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் காலையில் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அந்தக் கருவி செய்வது என்ன என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று அளக்கிறது. தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையோடு வயது, உயரம், பாலினம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பைக் கணிக்கிறது. தண்ணீர் குடித்திருந்தாலும் வியர்த்திருந்தாலும் எண் மாறும். ஒருமுறை காலையிலும் அன்று மாலையிலும் ஏறிப் பார்த்தேன். ஒரே நாளில் இரண்டு விழுக்காட்டுக்கும் மேல் வித்தியாசம். "உடல் வயது" என்பதோ எந்த மருத்துவரும் எழுதித் தரும் அளவு அல்ல. கருவியைச் செய்தவர்கள் தங்கள் சூத்திரத்துக்கு வைத்த பெயர். ஆனால் அந்த ஓர் எண்தான் என்னைப் பணம் கட்ட வைத்தது.

காலையும் இரவும் ஷேக், மதியம் மட்டும் சோறு. முதல் வாரத்தில் 2.3 கிலோ குறைந்தது. எல்லோரும் வட்டமாக நின்று கை தட்டினார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் உண்மையானது. குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் காலியாவது அந்தச் சேமிப்பு, அதோடு தண்ணீரும் போய்விடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 2.3 கிலோவும் கொழுப்பாக இருந்திருந்தால் ஏழு நாளில் 17,000 கலோரிக்கு மேல் குறைத்திருக்க வேண்டும். நான் எதுவுமே சாப்பிடாமல் கிடந்திருந்தாலும் அது முடியாது. "முதல் வாரத்திலேயே வித்தியாசம்" என்று வரும் எந்த விளம்பரத்தையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

எட்டு மாதத்தில் 69.5 கிலோவுக்கு வந்தேன். ஷேக் வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. ஆனால் எது வேலை செய்தது என்பதற்கு நோட்டில் வேறு விடை இருக்கிறது. பாலோடு ஒரு ஷேக் 250 கலோரி அளவு. இரண்டு ஷேக்கும் மதியச் சோறும் சேர்த்து நாளைக்கு 1,100 கலோரிதான். கிளப் விதிப்படி ஆபீசில் குடித்த நாலு சர்க்கரைச் சாயா நின்றது. சாயங்காலப் பழம்பொரி நின்றது. காலை ஆறு மணிக்குக் கிளப்புக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துபோய்த் திரும்பினேன். இத்தனையும் செய்தது நான், பெயர் வாங்கியது டப்பா. மூன்றாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை வேகமாக இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கிளப்பில் சொன்னபோது முடிக்கென்று இன்னொரு டப்பா வாங்கச் சொன்னார்கள். அடுத்து, நாலு பேரைச் சேர்த்துவிட்டால் எனக்குத் தள்ளுபடி என்றார்கள். அதைச் செய்ய மனம் வரவில்லை. 2020 பிப்ரவரியோடு நிறுத்தினேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அக்டோபரில் எடை 77.5.

அப்போது என்னையே திட்டிக்கொண்டேன், மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று. அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டியாக ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்திருக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வு அது. 14 பேரில் 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. இதைப் படித்த நாளில் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. வேகமாக இறக்கிய உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. விளம்பரப் படத்தில் "முன்", "பின்" இரண்டுதான் இருக்கும். அதற்கும் பின்னால் வரும் ஆறாம் ஆண்டுப் படத்தை யாரும் போடுவதில்லை.

இரண்டாவது டப்பா ஒரு மாத்திரை. 2021 ஜனவரியில், 30 நாளில் 10 கிலோ என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். கார்சினியா கம்போஜியா என்ற அபூர்வ வெப்பமண்டலப் பழத்தின் சாறாம். 60 மாத்திரை 1,350 ரூபாய். டப்பாவில் இருந்த பழத்தின் படத்தை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "மக்ளே, இது நம்ம கொடம்புளிதானே? இதுக்கா இவ்வளவு ரூவா?"

அதேதான். வெயிலில் வாட்டி, புகையில் கருக்கி, பரணியில் போட்டு வைத்து மீன்கறிக்கு நாலு துண்டு எடுப்போமே, அதே குடம்புளி. அதிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம், உடம்பில் கொழுப்பு உருவாவதற்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுக்கும் என்று எலிகளில் பார்த்தார்கள். மனிதர்களிலும் சோதித்தாகிவிட்டது. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில் 135 பேர், 12 வாரம். பாதிப் பேருக்குக் குடம்புளி, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. குடம்புளி சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 4.1 கிலோ. நான் மாத்திரை வாங்குவதற்கு 23 வருடம் முன்பே வந்துவிட்ட முடிவு இது. இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நான் மூன்று டப்பா முடித்தேன். 77.5 கிலோவில் தொடங்கி 77.1-இல் நின்றேன்.

இதை உலகம் முழுக்கப் பரப்பியதில் அப்போது அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவராக இருந்த மெஹ்மெட் ஆஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 2014 ஜூனில் அந்நாட்டு செனட் குழு அவரை அழைத்து, பார்வையாளர்களுக்கு ஏன் இப்படி ஆசை காட்டுகிறீர்கள் என்று கேள்வி கேட்டது. அவர் நிகழ்ச்சியில் புகழ்பெற்ற இன்னொரு பொருள் பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு. அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஆய்வு நம் நாட்டில் வெறும் 16 பேரை வைத்து நடந்தது. அதன் தரவுகள் மாற்றப்பட்டிருந்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்ட, ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் 2014-இல் 35 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் 2022-இல் என் நாத்தனார் அதே பச்சைக் காப்பியை வாங்கி வந்தார். மறுப்பு செய்தியாக ஒரு நாள் வருகிறது. விளம்பரமோ தினமும் வருகிறது.

மாத்திரை டப்பாவைத் தூக்கிப்போடப் போகும்போதுதான் நான் முன்பே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். "30 நாளில் 10 கிலோ" என்ற வரி டப்பாவில் எங்கேயும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது இதுதான்: சரிவிகித உணவு, உடற்பயிற்சியுடன் எடுத்துக்கொண்டால் எடை மேலாண்மைக்கு உதவக்கூடும், மருந்து அல்ல. ஏன் இந்த அடக்கம்? நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம். சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. டப்பா அதிகாரி கையில் சிக்கும், கடையில் நிற்கும், சோதனைக்குப் போகும். ஃபேஸ்புக் விளம்பரம் மூன்று நாளில் வேறு பெயரில் வந்துவிடும். அதனால் துணிந்து பேசுவதெல்லாம் விளம்பரத்தில், பயந்து எழுதுவதெல்லாம் டப்பாவில். அன்றிலிருந்து விளம்பரத்தில் கேட்ட வாக்கியம் டப்பாவில் அச்சாகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஷேக் டப்பாவை எடுத்துப் பார்த்தேன், அதிலும் கிளப்பில் சொன்ன ஒரு வாக்கியம்கூட இல்லை.

மூன்றாவது, 2022-இல் வாங்கிய பெண்களுக்கான புரதப் பொடி. இளஞ்சிவப்பு டப்பா, 400 கிராம், 720 ரூபாய். முன்பக்கம் பெரிய எழுத்தில் "ஒரு கோப்பையில் 18 கிராம் புரதம்", பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். ஐந்தாவது டப்பாவில்தான் அந்த நட்சத்திரத்தைத் தேடிப்போனேன். அடியில் எழுதியிருந்தது: 250 மி.லி. பாலுடன் சேர்த்து. 8 கிராம் பாலுடையது. அதை நான் ஏற்கெனவே பால்காரரிடம் காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. பொடியில் 100 கிராமுக்கு 34 கிராம் புரதம், அதாவது டப்பா முழுக்க 136 கிராம். ஒரு கிராம் புரதம் 5 ரூபாய் 30 காசு. அப்போது முட்டை 6 ரூபாய்க்குள் கிடைத்தது, ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். கிராமுக்கு ஒரு ரூபாய் வருகிறது.

புரதம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். எனக்கு 60 கிராம் சொச்சம் வேண்டும். நோட்டைப் பார்த்தால் நான் 40-ஐத் தாண்டியதே இல்லை. குறை உண்மைதான். அதைக் காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், சாயங்காலம் ஒரு பிடி வேகவைத்த பயறு என்று நிரப்பிக்கொண்டேன். கனமான பயிற்சி செய்பவர்கள், சாப்பிட முடியாமல் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு நல்ல மோர்ப்புரதப் பொடி எடுப்பதில் தவறில்லை. ஆனால் அங்கும் டப்பாவை முழுதாக நம்ப முடியாது. கேரளத்துக் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஏபி பிலிப்ஸும் அவர் குழுவினரும் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். சுமார் 70 விழுக்காட்டுப் பொடிகளில் புரத அளவு தவறாக அச்சாகியிருந்தது. வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து பெருக்குகிறது. அதனால் நைட்ரஜன் உள்ள கிளைசின் போன்ற மலிவான பொருளைக் கலந்தாலும் எண் உயர்ந்துவிடும். 2008-இல் சீனாவில் குழந்தைகளின் பால்பொடியில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டை வழியாகத்தான். குழந்தைகள் இறந்தார்கள்.

நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டை பற்றிச் சுருக்கமாக. 2,499 ரூபாய், 2022 முதல் கையில் இருக்கிறது, திருப்தி. 10,000 அடி என்ற இலக்கை மட்டும் மாற்றிக்கொண்டேன். அந்த எண் 1965-இல் ஜப்பானில் "பத்தாயிரம் அடி அளவி" என்று பெயர் வைத்து விற்ற ஒரு கருவியிலிருந்து வந்தது. சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், நாளைக்கு 7,500 அடி வரை இறப்பு அபாயம் குறைந்து அதற்குமேல் சமனாகிவிட்டது. நான் 7,500 வைத்திருக்கிறேன். அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது நாடித்துடிப்பு பெரும்பாலும் சரியாக வந்தது. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. நானும் ஆறு மாதம் "420 கலோரி எரித்தாயிற்று" என்று காட்டியதைப் பார்த்து ராத்திரி ஒரு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன். எடை நகரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திய பிறகுதான் இறங்கியது.

இப்போது 68.6 கிலோ. இறங்க இரண்டரை வருடம் ஆனது. சாயா இரண்டு, சர்க்கரை இல்லை. சோறு பாதி, தோரனும் மீனும் கூடுதல். முடி கொட்டவில்லை.

அந்த மாடி அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை நம்பி எனக்குச் சொன்னார். ஊரடங்கில் கிளப் மூடியபோது விற்காத டப்பாக்கள் ஒரு லட்ச ரூபாய்க்குமேல் அவர் கட்டிலுக்கடியில் கிடந்தன, காலாவதியாகும் வரை. நகையை அடகு வைத்து வாங்கிய சரக்கு. போன மாதம் ஒரு புது டப்பாவோடு வந்தார். சர்க்கரை இல்லாத சத்து மாவு, விற்பதற்கு எடுக்கலாமா என்று கேட்டார். திருப்பிப் பார்த்தோம். உட்பொருட்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதல் பெயர் மால்ட்டோடெக்ஸ்ட்ரின். பெயரில் சர்க்கரை இல்லை, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே சட்டென்று ஏறும் மாவுப்பொருள். அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதைத்தான் தினமும் ஒரு கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தார்.

டப்பாவை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். காலையில் கால்வாய்க் கரையில் இரண்டு பேரும் நடக்கிறோம்.