பூட்லோடரைத் திறக்கும் முன் பேக்கப்: ஸ்விஃப்ட் பேக்கப்பும் மற்ற ஆப்களும் எப்படி?

ரூட் செய்த, அதாவது சிஸ்டத்தின் உள்பகுதி வரை முழு அனுமதி பெற்ற போனில் ஸ்விஃப்ட் பேக்கப் ஆப்பைப் பயன்படுத்தியவர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். ரூட் இல்லாத போனில் அதே ஆப் பாதி வேலைதான் பார்க்கும். பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று முடிவு செய்யும் பூட்டை, திறக்கப் போகிறவருக்கு பேக்கப் தேவைப்படுவது அந்த ரூட் இல்லாத நேரத்தில்தான். அதனால் இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்தப் பாதியைப் பற்றியது. மீதிப் பாதி கடைசியில் வரும்.

போன் என் அண்ணனுடையது. குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கிறான். நான் திங்கள்நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தில் யாருக்குப் போன் மக்கர் செய்தாலும் என் கையில்தான் வந்து விழும். அண்ணனிடம் இருப்பது போக்கோ எஃப்1, 2018-இல் வந்த மாடல். ஆண்ட்ராய்டு 10-ஓடு கம்பெனி அப்டேட் நின்றுவிட்டது. ஆனால் ஸ்னாப்டிராகன் 845 சிப் இன்னும் சுறுசுறுப்பாக ஓடுகிறது, பேட்டரியும் தாங்குகிறது. இந்த மாடலுக்கு லினியேஜ்ஓஎஸ் இருக்கிறது, கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச மென்பொருள். அதை ஏற்றிவிட்டால் புதுப் போன் செலவு மிச்சம் என்பது கணக்கு.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும் அந்த மாதங்களில்தான் போனை அவனிடமிருந்து பிடுங்க முடியும். கொடுக்கும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "ஆளுக நம்பர் போனா கேட்டு எழுதிக்கலாம் மக்கா. பாரு போனா எங்க போய்த் தேட?"

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டு, மீன் அடையும் இடம். முட்டம் லைட்ஹவுஸ் எங்கே தெரிகிறது, மலை எந்தப் பக்கம் விலகி நிற்கிறது என்று பார்த்தே எங்கள் அப்பா அங்கே போய்ச் சேர்வார். அண்ணன் ஜிபிஎஸ் ஆப்பில் புள்ளி போட்டு வைத்திருக்கிறான். ஆக, இந்தப் போனில் பொன்னாக இருப்பது போட்டோ இல்லை, ஒரு ஆப்பின் வயிற்றுக்குள் இருக்கும் எண்கள்.

பூட்லோடரைத் திறந்தால் போனுக்குள் இருப்பதெல்லாம் அழியும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. போனைத் திருடியவன் பூட்லோடரைத் திறந்து, வேறு மென்பொருளை ஏற்றி, உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது அல்லவா? சரி, அப்படியானால் முதலில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடலாம் என்று கிளம்பினால், ஆப்களின் உள் டேட்டாவை எடுக்க ரூட் வேண்டும் என்கிறது ஆப். ரூட் வேண்டுமென்றால் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் டேட்டா காலி. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

ஸ்விஃப்ட் பேக்கப்பைத் திறந்ததும் ஆப்கள், மெசேஜ்கள், அழைப்புப் பட்டியல், வால்பேப்பர் என்று நான்கு பகுதிகள் கண்ணில் படும். ரூட் இல்லாவிட்டாலும் இந்த நான்கிலும் வேலை நடக்கும். ஆனால் 'ஆப்கள்' என்ற இடத்தில் அது எடுப்பது ஆப்பின் நிறுவல் கோப்பை மட்டும்தான். அதற்குள் நாம் சேர்த்து வைத்தது எதுவும் வராது. பட்டியலில் டிக் விழுந்ததைப் பார்த்து, ஆப் முழுவதும் வந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பூட்டிய பெட்டிதான் வந்திருக்கிறது, நகை வரவில்லை.

வெறும் நிறுவல் கோப்பைச் சேமிப்பதில் என்ன லாபம், பிளே ஸ்டோரில் மறுபடி இறக்கிக்கொண்டால் போச்சு என்று கேட்கலாம். அண்ணனுடைய ஜிபிஎஸ் ஆப் பழையது, பிளே ஸ்டோரில் இப்போது கிடைப்பதில்லை. அந்த ஒரு கோப்பு கையில் இல்லாவிட்டால் அவன் புதிய ஆப் பழக வேண்டும். நடுக்கடலில் அவன் பழகிக்கொண்டிருக்க மாட்டான், எனக்குத்தான் போன் போடுவான். இப்போதைய ஆப்கள் பலவும் ஒரே கோப்பாக இல்லாமல் துண்டு துண்டாக நிறுவப்படுகின்றன. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய ஆப்கள் அந்த முறையில்தான் வர வேண்டும் என்பது கூகுளின் விதி. சாதாரண ஃபைல் மேனேஜரில் ஒரு துண்டை மட்டும் எடுத்து வைத்தால் பிறகு நிறுவ முடியாமல் முழிக்க நேரும். ஸ்விஃப்ட் பேக்கப் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே எடுக்கிறது. இந்த வேலைக்காகவே ரூட் இல்லாத போனிலும் அது இருக்கலாம். ஐந்துக்கு இரண்டரை தருகிறேன்.

அப்புறம் பார்கள். ஜிபிஎஸ் ஆப்பின் மெனுவில் துழாவினால், சேமித்த இடங்களை ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி கிடைத்தது. இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள் என்பேன். ஜிபிஎக்ஸ் வெறும் எழுத்துக் கோப்புதான். லேப்டாப்பில் நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வரி: 8-இல் தொடங்கும் ஒரு எண், 77-இல் தொடங்கும் ஒரு எண், பக்கத்தில் அண்ணன் ஒற்றை விரலால் தட்டி வைத்த பெயர். 'பெரியபார் மேக்கு', 'கணவா', 'வலை கிழிஞ்சது' என்றெல்லாம் இருந்தது. அந்தக் கோப்பை என் போனுக்கு அனுப்பி, ஆஸ்மேண்ட் என்ற மேப் ஆப்பில் திறந்து பார்த்தேன். நீல நிறத்தில் கடலெங்கும் புள்ளிகள். ஒன்று மட்டும் வெள்ளிச்சந்தையில், தரையில் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது பரோட்டாக் கடையாக்கும், அழிச்சிராத" என்றான்.

வேறு போனில், வேறு ஆப்பில் திறந்து பார்க்க முடிகிற கோப்புதான் என் கணக்கில் பேக்கப். மற்றதெல்லாம் அந்த ஆப் கொடுக்கும் வாக்குறுதி. கீழே வருகிற எல்லாவற்றையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த அளவுகோலில் முதலிடம் எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் ஆப்புக்கு. ரூட் கேட்காது. மெசேஜ்களை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகவும், அழைப்புப் பட்டியலை இன்னொன்றாகவும் எழுதித் தரும். கம்ப்யூட்டரில் திறந்து படிக்கலாம், தேடலாம். தடைக்கால நிவாரணம் எப்போது கணக்கில் ஏறியது என்று வீட்டில் வருடா வருடம் ஒரு வாக்குவாதம் வரும். பேங்க் மெசேஜ்கள் மொத்தமும் இப்போது லேப்டாப்பில் இருப்பதால் தேடிக் காட்டிவிடலாம். திரும்பப் போடும்போது தன்னைத் தற்காலிகமாக இயல்புநிலை மெசேஜ் ஆப்பாக மாற்றச் சொல்லும். ஆண்ட்ராய்டு விதி அப்படி, பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் பழைய ஆப்புக்கு மாற்றிவிடுங்கள். விளம்பரங்கள் கொஞ்சம் தொந்தரவுதான். இருந்தாலும் நாலரை. ஸ்விஃப்ட் பேக்கப்பும் மெசேஜ் எடுக்கும் என்றாலும், இந்த வேலையை மட்டும் இதனிடம் கொடுப்பேன்.

லேப்டாப்பில் செருகி ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக பேக்கப் கட்டளை கொடுப்பது பழைய வழி. ரூட் இல்லாமலே ஆப் டேட்டாவை எடுக்கும் என்று பழைய குறிப்புகளில் எல்லாம் இருக்கும். ஆண்ட்ராய்டு 10 என்பதால் இந்தப் போனில் ஓடுகிறது. ஆனால் ஒரு ஆப்பை எழுதியவர் 'என் டேட்டாவை எடுக்க அனுமதி இல்லை' என்று குறித்திருந்தால் அந்த ஆப்பைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எது வந்தது, எது வரவில்லை என்று சொல்வதே இல்லை. வாட்ஸ்அப் வராது, பேங்க் ஆப்கள் வராது. ஆண்ட்ராய்டு 12 முதல் இன்னும் மோசம்: அந்தப் பதிப்பையோ அதற்கு மேலேயோ குறிவைத்து எழுதிய ஆப்களின் டேட்டா இந்தக் கட்டளையில் கிடைக்காது. புதிய போன் வைத்திருப்பவர்கள் இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஐந்துக்கு ஒன்று.

போக்கோவில் கம்பெனி போட்டுத் தரும் எம்ஐயூஐ மென்பொருளுக்குள்ளேயே ஒரு லோக்கல் பேக்கப் உண்டு. ரூட் இல்லாமலே ஆப் டேட்டாவையும் சேர்த்து எடுக்கும், கெட்டிக்காரத்தனமான வசதி. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எடுத்த பேக்கப் எம்ஐயூஐ என்ற ஃபோல்டருக்குள், அதே போனின் உள் நினைவகத்தில்தான் போய் உட்காரும். பூட்லோடர் திறக்கும்போது அதுவும் சேர்ந்து அழியும், எனவே லேப்டாப்புக்கு நகலெடுத்தே ஆக வேண்டும். அடுத்து, இதைத் திரும்பப் போட எம்ஐயூஐ வேண்டும். லினியேஜ்ஓஎஸ் அதைத் திரும்பியும் பார்க்காது. லினியேஜ் பிடிக்காமல் பழைய மென்பொருளுக்கே திரும்ப நேர்ந்தால் உதவும் என்று எடுத்து வைத்தேன். வேறு ரோமுக்கு, அதாவது வேறு மென்பொருளுக்கு, போகிறவர்களுக்கு இது முதன்மை பேக்கப் ஆகாது.

கூகுள் கணக்கின் தானியங்கி பேக்கப்பை நம்பி இருப்பவர்களும் உண்டு. ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரைதான் அது ஏற்றிக்கொள்ளும், அதுவும் ஆப் அனுமதித்தால். காண்டாக்டுகளுக்குச் சரி. மற்றதற்கு அதிர்ஷ்டம்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் கடல் நிலவரம் ஓடுவதே வாய்ஸ் மெசேஜில்தான். சாட் பகுதியில் பேக்கப் பொத்தானை அழுத்தினால் டிரைவுக்குப் போகும், ஆனால் அந்த இடம் இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் சேர்கிறது. அண்ணனுடைய குரூப்களின் வீடியோக்களுக்கு அது காணாது. அதனால் ஆண்ட்ராய்டு, மீடியா என்று போய் உள்ளே இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே லேப்டாப்புக்கு எடுத்தேன். அதற்குள் டேட்டாபேசஸ் என்ற ஃபோல்டரில்தான் பூட்டிய நிலையில் சாட்கள் இருக்கும். வாய்ஸ் நோட்கள் வாரம் ஒரு ஃபோல்டராகத் தனியே அடுக்கியிருக்கும். அவை ஓபஸ் கோப்புகள், விஎல்சி பிளேயரில் ஓடும். ஆக, வாய்ஸ் நோட்கள் என் அளவுகோலில் தேறின, சாட்கள் தேறவில்லை. புதிய ரோமில் வாட்ஸ்அப்பை நிறுவி, திறப்பதற்கு முன் அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டு, அதே நம்பரில் நுழைந்தால் பேக்கப்பைக் கண்டுபிடித்துக் கேட்கும். என்க்ரிப்ட் செய்த பேக்கப்பை இயக்கியிருந்தால் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ கையில் இல்லாமல் எதுவும் நடக்காது. அதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோக்களை விண்டோஸில் இழுத்துப் போடுவதைவிட ஏடிபி புல் கட்டளை வேகம். அதோடு ஹைஃபன் போட்டு ஒரு சின்ன 'ஏ' சேர்த்தால் கோப்புகளின் பழைய தேதியும் மாறாமல் வரும். கேபிள் மட்டும் நல்லதாக இருக்கட்டும். நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் "டேட்டா போகும்" என்றுதான் சொல்வார்கள். லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோய், செருகிப் பார்த்து வாங்குங்கள். ஜூன் மழையில் கரண்டை நம்ப முடியாது என்பதால் லேப்டாப்பில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே எல்லாம் செய்தேன்.

போக்கோ ஷியோமி கம்பெனியின் போன். அதில் பூட்லோடரைத் திறப்பதற்கு ஷியோமியின் மி கணக்கைப் போனோடு இணைத்து, பொதுவாக 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். பேக்கப்பைச் சோதிக்க அது வசதியான இடைவெளி. அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. யுபிஐ, பேங்க் ஆப் எதையும் பேக்கப் எடுக்க முயலவே வேண்டாம். சிம்மோடு பிணைந்தவை, புதிதாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். பூட்லோடர் திறந்த போனில் அவற்றில் சில ஓடவும் மறுக்கும். அண்ணனுடையதை அண்ணி போனுக்கு மாற்றிவிட்டோம். அதில் அண்ணிக்கு இருந்த சந்தோஷத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

இனி மீதிப் பாதி. லினியேஜ் ஏறி, அதன் பூட் இமேஜை (போன் தொடங்கும்போது ஓடும் கோப்பை) மேஜிஸ்க் என்ற ரூட் கருவியில் ஒட்டுப்போட்டு ரூட் செய்தபின் ஸ்விஃப்ட் பேக்கப்பைத் திறந்தால் ஆளே மாறிப் போயிருக்கிறது. டேட்டா என்ற பெட்டியும் டிக் ஆகிறது. ஜிபிஎஸ் ஆப்பைப் பேக்கப் எடுத்து, ஆப்பையே அழித்துவிட்டு, மறுபடி போட்டுப் பார்த்தேன். பரோட்டாக் கடை உட்பட எல்லாம் அதனதன் இடத்தில் வந்து நின்றன. இந்த நிலையில் நாலரை தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனாலும் அண்ணன் போனில் நான் விட்டு வைத்திருப்பது நியோ பேக்கப். எஃப்-டிராய்டு என்ற ஆப் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல ஆப். ரூட் இல்லாமல் ஒரு அடி நகராது, அதனால் பூட்லோடர் திறப்பதற்கு முன் இதற்கு வேலையே இல்லை. முகப்பு ஸ்விஃப்ட் அளவுக்கு லட்சணமாகவும் இல்லை. ஆனால் பேக்கப்பைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டலாம், நாள் குறித்து தானாக ஓடவும் விடலாம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் அன்று ராத்திரிக்கு வைத்திருக்கிறேன், மெமரி கார்டில் போய் விழுகிறது. ஜிபிஎக்ஸ் கோப்பை மட்டும் மாதாமாதம் கையாலேயே எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை நான் கேட்டால்தான் வருகிறது.