வாசல்ல வர்ற சாணை மெஷின்: புதுச்சேரிக்காரங்க கவனத்துக்கு

முத்தியால்பேட்டை பக்கம் டிவிஎஸ் எக்ஸெல் பின்னாடி மோட்டார் வீலைக் கட்டிக்கிட்டு, "கத்தி, கத்திரி, அருவாமனை சாணை"ன்னு ஸ்பீக்கர் போட்டுக்கிட்டு ஒருத்தர் வர்றார். எவ்வளவுண்ணேன்னு கேட்டேன். "முப்பது ரூபாதாங்கக்கா." மூணு கத்தி குடுத்தேன். வேலை முடிஞ்சதும் ஆயிரத்து இருபது கேட்கிறார். முப்பதுங்கறது இஞ்ச் கணக்காம்! டேப்பை நீட்டி, பிடியையும் சேர்த்து அளக்கிறார். எட்டு இஞ்ச் கத்தி பதிமூணு இஞ்ச் ஆயிடுச்சு. எதிர்வீட்டு அண்ணன் வந்து சத்தம் போட்டப்புறம் முந்நூறோட நின்னார்.

காசு போனாப் போகுது, கத்தியைப் பாருங்க. சொட்டுத் தண்ணி தொடாம, பொறி பறக்க அழுத்திப் பிடிச்சார். சின்னக் கத்தியோட முனையில ஊதாவும் நீலமுமா ஒரு பட்டை. எஃகு 300 டிகிரி வாக்குல சூடேறினாத்தான் அந்த நீலம் வரும். அதோட பதம் போச்சு. இனி எவ்வளவு தீட்டினாலும் ரெண்டு நாள்ல மழுங்கிடும். பெரிய கத்தியைப் பலகையில நிறுத்தினா நடுவுல வெளிச்சம் தெரியுது, அவ்வளவு குழி. வெங்காயம் நறுக்கினா துண்டு விடாம தோரணமாத் தொங்குது. பிரட் கத்தியோட பல்லை மொத்தமா மழிச்சுட்டார். பல்லு வெச்ச கத்தியை இந்த மாதிரி வீல்ல குடுக்கவே கூடாது.

வெளியில குடுக்கறதா இருந்தா, பெரிய மார்க்கெட்ல மீன் வெட்டற அக்காங்ககிட்ட எங்க சாணை பிடிக்கிறாங்கன்னு கேளுங்க. கத்தி மழுங்கினா அவங்க பொழப்பே நின்னுடும், அதனால கண்டவங்ககிட்ட குடுக்க மாட்டாங்க. யாரா இருந்தாலும் "ஒரு கத்திக்கு மொத்தம் எவ்வளவு"ன்னு கேட்டு, பழைய கத்தி ஒண்ணை மட்டும் முதல்ல நீட்டுங்க. பக்கத்துல தண்ணி வெச்சு அடிக்கடி நனைக்கிறாரான்னு பாருங்க.

வீட்லயே செய்யணும்னா 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பு அளவு) தண்ணிக்கல், அதாவது தண்ணியில நனைச்சுத் தீட்டற கல் ஒண்ணு போதும். கத்தியை 15லிருந்து 20 டிகிரி சாய்ச்சு, மறுபக்கம் விரல்ல பிசிறு தட்டற வரைக்கும் தேய்ச்சுட்டுத் திருப்பணும். அவசரத்துக்குப் பீங்கான் கப்போட அடியில இருக்கற சொரசொர வளையமே போதும், நாலு இழுப்புல தக்காளித் தோல் அறுபடும். இழுத்து இழுத்துத் தீட்டற பிளாஸ்டிக் கருவி விலை கம்மியான கத்திக்கு மட்டும். நல்ல கத்தியை அது சுரண்டித் தின்னுடும்.

நீலம் ஏறின இடத்தை முழுசாத் தேய்ச்சு எடுக்கணும்னா என் சின்னக் கத்தியில மிச்சம் ஒண்ணும் இருக்காது. அந்த ஆள் அடுத்தது லாஸ்பேட்டைன்னு சொல்லிட்டுக் கிளம்பினார்.