இடுப்பில் பிஸ்டல், கையில் மீட்டர்: ஹூஸ்டன் ஏசி மெக்கானிக்கின் 4 ஆண்டு அனுபவம்

கழிப்பறையிலிருந்தே தொடங்குகிறேன். வாடிக்கையாளர் வீட்டில் அவசரமாகப் போக வேண்டியிருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தியதும் இடுப்பிலுள்ள பிஸ்டல் கனத்தில் சாய்கிறது. அதை எங்கே வைப்பீர்கள்? தண்ணீர்த் தொட்டியின் மேலா, கைகழுவும் மேடையிலா? மறந்துவிட்டு வெளியே வந்து, அடுத்து அந்த வீட்டுக் குழந்தை உள்ளே போனால்? வாங்குவதற்கு முன் நான் பார்த்த எந்தக் காணொளியிலும் இந்தக் கேள்வி வரவில்லை. ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) விட்டு வெளியே எடுக்காமல், முழங்கால் மட்டத்தில் பெல்ட்டை மறுபடி பூட்டி, கால்சட்டைக்குள்ளேயே அதை விட்டுவைப்பதுதான் நான் கண்டுபிடித்த வழி. பெட்ரோல் பங்க் வரை அடக்கிக்கொள்வது அதைவிட நல்ல வழி.

ஊரில் ஐ.டி.ஐ.யில் குளிர்பதனப் பிரிவு படித்தவன் நான். மனைவி வழியாகக் கிரீன் கார்டு கிடைத்து டெக்ஸாஸ் வந்தேன். முதலில் ஒரு நிறுவனத்தில் வேலை. அங்கே பணி நேரத்தில் ஆயுதம் கூடாது என்பது விதி. தனியாகத் தொழில் தொடங்கிய 2021-இல்தான் வாங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டு, இரவு ஒன்பது மணிக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில், இரண்டு பேர் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வேனிலிருந்த செப்புக் குழாய்ச் சுருள்களையும் வாக்குவம் பம்பையும் இறக்கிக்கொண்டு போனார்கள். கை நடுக்கம் நிற்க இரண்டு நாள் ஆயிற்று. சம்பவம் நடந்தது வீட்டுக்குள் அல்ல, வெளியே. இது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

நம்மவர்கள் கேட்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில், தடை ஏதும் இல்லாத 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியைத் தொடவே கூடாது. அது மத்தியச் சட்டம். நண்பர் வீட்டில் ‘சும்மா பிடித்துப் பார்க்கிறேன்’ என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் நான் மாநில உரிமத்தை எடுத்துவைத்தேன். 40 டாலர் கட்டணம், சில மணி நேர வகுப்பு, 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டாக்கள், 250-க்கு 175 மதிப்பெண். பள்ளிகளுக்கு 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டம் மாநில உரிமம் பெற்றவருக்கு விலக்களிக்கிறது. நாள் முழுக்கக் குடியிருப்புப் பகுதிகளில் வேன் ஓட்டுகிறவன் பள்ளியைக் கடக்காமல் எப்படிப் போவது?

இனி பொருளுக்கு வருகிறேன். நான் வாங்கியது ஒல்லியான 9 மி.மீ. பிஸ்டல். மேகசினில் ஏழு தோட்டா. காலியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல். பிராண்ட் வேண்டாம், இந்த அளவில் எதை வாங்கினாலும் கதை இதுதான். கடையில் கண்ணாடி முன் நின்று பார்த்தால் சட்டைக்குள் இருப்பதே தெரியாது. ஆனால் ஏசி மெக்கானிக் நிற்பதில்லை. குனிகிறான், மண்டியிடுகிறான், தவழ்கிறான். வலது இடுப்பின் பின்பக்கம் வைத்தால் கண்டென்சர் (ஏசியின் வெளிப்புறப் பெட்டி) முன் குனிந்ததும் சட்டை தூக்கிக்கொண்டு பிடி வெளியே எட்டிப் பார்க்கும். வயிற்றுப் பக்கம் வைத்தால் குத்தவைக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் குத்தும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓர் ஆண்டை ஓட்டினேன். சட்டை சைஸ் எல்-இலிருந்து டபுள் எக்ஸ்எல்லுக்குப் போனது. மெலிந்துவிட்டேனா என்று மனைவி கேட்டாள்.

உண்மையான சோதனை அட்டிக் எனப்படும் கூரைக்கடி இடத்தில். இங்கே குளிர்காற்றை ஊதும் ஏர் ஹேண்ட்லர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆகஸ்ட் மதியத்தில் அங்கே 55 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பத்து நிமிடத்தில் பனியனைப் பிழியலாம். அந்த உப்பு நீர் முழுவதும் போய்ச் சேரும் இடம் இடுப்பு. முதல் கோடையிலேயே பிஸ்டலில் குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறிகாட்டியின் ஓரத்தில் செந்துரு பூத்தது. கண்ணாடியிழைப் பஞ்சின் தூசி வியர்வையோடு சேர்ந்து ஸ்லைடின் (பிஸ்டலின் நகரும் மேல்பாகத்தின்) வரிகளில் களிம்பாக அப்பிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டியிருந்தது. தோல் ஹோல்ஸ்டர் ஊறி நாற்றமெடுத்ததால் கைடெக்ஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினேன். அது ஊறாது, ஆனால் தோலை உரித்துவிடும். தடம் இன்னும் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு, கால்சட்டைப் பைக்குள் அடங்கும் .380 ரகச் சிறிய பிஸ்டல் ஒன்று வாங்கினேன். கால் கிலோதான். ஆனால் அந்தப் பையில் வேறு எதையும் போடக் கூடாது. சாவியோ திருகாணியோ விசையில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருகாணியைப் பையில் போடுவது இருபது ஆண்டுப் பழக்கம். ஒரு நாள் மாலை அந்தப் பையிலிருந்து நட்டு ஒன்று உருண்டு விழுந்தது. அன்றோடு அதை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டேன்.

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தமிழ்க் குடும்பம். பேரனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா சோபாவில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேரன் காலடியில் படம் வரைந்துகொண்டிருந்தான். என் மல்ட்டிமீட்டரின் பின்னால் இரும்பில் ஒட்டித் தொங்கவிடக் காந்தப் பட்டை ஒன்று உண்டு. மீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அட்டிக் ஏணியில் இறங்கினேன். கடைசிப் படியில் அது நழுவி, ‘டக்’கென்று என் இடுப்பில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் சட்டையும் சேர்ந்து வருகிறது.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “தம்பி, காந்த பெல்ட்டா? இடுப்பு வலியா?”

“ஆமாம் அம்மா.”

“எங்கே வாங்கினீர்கள்? எங்கள் வீட்டுக்காரருக்கும் முதுகெலும்புத் தேய்மானம். எப்படிக் கட்டுவது என்று கொஞ்சம் காட்டுங்களேன்.”

பையனும் நிமிர்ந்து பார்த்தான். வெளியே கண்டென்சரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். ஊரில் தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் கூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கிருந்து வந்தவரின் நடுவீட்டில் தோட்டா நிரப்பிய ஒன்றோடு நின்று, வைத்தியப் பெல்ட் என்று பொய் சொல்லியிருக்கிறேன். டெக்ஸாஸ் சட்டப்படி அது குற்றமல்ல. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொன்னால்தான் வெளியேற வேண்டும். பக்கத்து லூசியானாவில், பெர்மிட் இருந்தாலும் அடுத்தவர் வீட்டுக்குள் கொண்டுபோக முன்சம்மதம் தேவை. இந்த விஷயத்தில் லூசியானாக்காரர்கள் யோசித்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்துதானே நான் கேட்காமல் இருந்தேன்?

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர் வீடுகளுக்குள் பிஸ்டலை உருவியது ஒருமுறைகூட இல்லை. உருவ நினைத்ததும் இல்லை. வீட்டுக்குள் என் உயிருக்கு உலை வைத்தவை வேறு: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சார்ஜோடு காத்திருந்த ஒரு கெப்பாசிட்டர், மிதித்ததும் உளுத்துப்போன ஓர் அட்டிக் பலகை, கட்டிப்போட்டிருக்கிறோம் என்று சொல்லப்பட்ட ஒரு நாய். நாய்க்கு எதிராகவும் கருவிப்பெட்டியைத்தான் நீட்டினேன். கை இடுப்புக்குப் போன ஒரே தருணம் 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பிறகு. ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிருந்தது. விளக்கே இல்லாத தெருவில் வேனை நோக்கி ஒருவர் வேகமாக வந்தார். ஐஸ் கட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

இப்போது வேனில் தளத்தோடு போல்ட் போட்ட எஃகுப் பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் வீடு வந்ததும் பிஸ்டலை ஹோல்ஸ்டரோடு சேர்த்துக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டுகிறேன். வேலை முடிந்ததும் அப்படியே மாட்டிக்கொள்கிறேன். தனியே உருவுவதும் திரும்பச் செருகுவதும்தான் கைதவறும் நேரம் என்பதால், கிளிப் வைத்த, விசையை முழுதாக மூடும் ஹோல்ஸ்டராகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். வேனை உடைத்துத் துப்பாக்கியைத் திருடுவது இங்கே சர்வ சாதாரணம். சீட்டுக்கடியில் வைப்பதற்கு வாங்காமலே இருக்கலாம். பகல் வேலைகளுக்குப் பாதி நாள் எடுத்துப்போவதே இல்லை. துரு நின்றுவிட்டது. சட்டை மறுபடி எல்.

கேட்டி வீட்டுக்கு அடுத்த சர்வீசுக்குப் போனபோது உண்மையான காந்த பெல்ட் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். விசாவின் ஆறு மாதம் முடிந்து அம்மா ஊருக்குப் போய்விட்டிருந்தார். பெல்ட் இன்னும் வேனில், எஃகுப் பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.