ஆறு வருட டிரம்லைன் எழுத்து வேலை: காது மட்டும் போதவில்லை

2019-இல் மகள் உயர்நிலைப் பள்ளி டிரம்லைனில் (அணிவகுப்பு இசைக்குழுவின் டிரம் பிரிவு) ஸ்னேர் என்ற சின்ன டிரம் வாசிக்கச் சேர்ந்தாள். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில். டிரம் கோர் (பித்தளை ஊதுகருவிகளும் தாளக் கருவிகளும் கொண்ட அணிவகுப்புக் குழு) உலகின் பெரிய போட்டியான டிசிஐ (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) இறுதிச்சுற்று 2009-இல் இண்டியானாபொலிசின் லூகாஸ் ஆயில் அரங்கத்துக்கு வந்துவிட்டதால், இந்தப் பைத்தியம் பிடிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. "அப்பா, இந்த நாலு பாரை மட்டும் எழுதிக் குடுங்கப்பா" என்று ஒரு வீடியோவை நீட்டினாள். பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று; எழுதுவது என்றால் அதில் வாசிப்பதை இசைக்குறியீடாக்குவது. சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் படித்தவன், தாளத்தை எழுதுவதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அந்த நாலு பாருக்கு மூன்று ராத்திரி போயிற்று.

முதல் தப்பு, பார்வையாளர் மாடத்திலிருந்து எடுத்த பதிவை நம்பியது. மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். பின்கோட்டில் அடிக்கும் அடி, முன்கோட்டில் அடிப்பதைவிட 0.14 நொடி பிந்தி வந்து சேரும். நிமிடத்துக்கு 180 துடிப்பு வேகத்தில் ஒரு பதினாறாம் சுரம் (துடிப்பில் கால் பங்கு) 0.083 நொடிதான். கிட்டத்தட்ட இரண்டு சுரம் தள்ளிக் கேட்கிறது! ஸ்னேர் ஓரிடத்திலும் பேஸ் டிரம் வேறிடத்திலும் நின்றால், காதில் விழுவதை அப்படியே எழுதினால் யாருமே வாசிக்காத ஒரு இசைதான் தாளில் வரும். இப்போது நான் போட்டிக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் வளைவாக நின்று பயிற்சி செய்யும்போது எடுத்த வீடியோவை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அதிலும் சத்தத்தைவிடக் கைதான் முக்கியம். மிருதங்கத்தில் 'நம்' என்றால் வலந்தலை, 'தொம்' என்றால் இடந்தலை; சொல்லிலேயே கை இருக்கிறது. ஸ்னேரில் இரண்டு குச்சியும் ஒரே தோலில் விழுகின்றன. இரண்டும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். ஆர் எல் ஆர் ஆர், எல் ஆர் எல் எல் (ஆர் வலது கை, எல் இடது கை) என்ற பாராடிடிலும், கை மாற்றி மாற்றி அடிக்கும் எட்டு அடியும் நல்ல லைனில் காதுக்கு ஒன்றுதான். ஆனால் நடுவே ஒரு ஃப்ளாம் (முன்னால் ஒரு சின்னச் சுரம் ஒட்டிய அடி) வந்தால் அது எந்தக் கையில் விழும் என்பது இதனால் மாறிவிடும். ஸ்டிக்கிங், அதாவது எந்த அடிக்கு எந்தக் கை என்பதை, தப்பாக எழுதிய தாள் வாசிக்கவே வராது.

ஆகவே கண். அதே 180 வேகத்தில் முப்பத்திரண்டாம் சுரங்கள் நொடிக்கு 24 அடி. நொடிக்கு 60 சட்டகம் ஓடும் வீடியோவில் ஒரு அடிக்கு இரண்டரைச் சட்டகம்தான் கிடைக்கும், குச்சி வெறும் புகையாகத் தெரியும். கைபேசியில் 240-இல் எடுத்தால் பத்துச் சட்டகம். அது போதும்.

எழுதும் முறையையும் மாற்றினேன். முதலில் 'செக்' மட்டும், அதாவது டிடிலை (ஒரே கையின் இரட்டை அடி) எல்லாம் உரித்துவிட்டுக் கை அசைவை மட்டும் எழுதுவேன். அப்புறம் அழுத்தங்கள், அதற்குப் பிறகு தண்டில் ஒரு கோடு போட்டு டிடில், கடைசியாக ஃப்ளாம். ஃப்ளாமும் டிடிலும் ஒட்டிக்கொண்டால் அதற்கு 'சீஸ்' என்று பெயர் (பெயர் வைத்தவர் பசியில் இருந்திருக்க வேண்டும்).

மென்பொருள் கதை. சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்க 'ட்ரான்ஸ்க்ரைப்' ஆறு வருடமும் கூட வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. குறியீடு எழுத முதலில் காசு கொடுத்து ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம். ஸ்டிக்கிங்கைப் பாட்டு வரி மாதிரி சுரத்துக்குக் கீழே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு சுரத்தைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் ஆர், எல் எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். இரண்டு வருடம் பொறுத்தேன். அப்புறம் மியூஸ்ஸ்கோருக்கு மாறினேன். இலவசம், ஸ்டிக்கிங்குக்கென்றே தனி வசதியும் உண்டு. 2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற குறியீட்டு மென்பொருளை இனி மேம்படுத்தப் போவதில்லை என்ற அறிவிப்பு வந்தபோது தெரிந்தவர்கள் பலர் தவித்தார்கள். நான் அதற்குள் என் கோப்புகளை எல்லாம் மியூசிக்எக்ஸ்எம்எல் (எந்த மென்பொருளுக்கும் கொண்டுபோகும் பொதுக் கோப்பு வடிவம்) ஆக மாற்றி வைத்திருந்தேன். சுரங்கள் ஒழுங்காக வந்தன. ரிம் (டிரம் விளிம்பு) அடிக்குப் போட்ட பெருக்கல் குறிகள் பலதும் சாதாரணச் சுரத் தலைகளாகிவிட்டன, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒலியைக் கொடுத்தால் தானே எழுதித் தரும் கருவிகளையும் முயன்றேன். ஃப்ளாமின் சின்னச் சுரத்தைத் தனி அடியாக எண்ணி அவற்றில் ஒன்று கொடுத்த தாளைப் பார்த்து மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பேஸ் டிரம் தனி உலகம். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு டிரம். ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்த சுரங்கள் வேறு வேறு ஆளுடையவை. தாளில் எல்லாம் ஒரே ஐங்கோட்டில், மேலிருந்து கீழாக. இங்கே மட்டும் காது உதவும், ஏனென்றால் ஒவ்வொரு டிரம்முக்கும் சுருதி வேறு. டெனாரில் (ஒருவரே பல டிரம்களைச் சுமந்து வாசிப்பது) பத்து அங்குல டிரம்மும் பன்னிரண்டு அங்குல டிரம்மும் பக்கத்துப் பக்கத்தில் நடுவே இருப்பதால் எனக்கு இன்னமும் குழம்பும்.

மகள் இப்போது கோடையில் அதே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு டெனார் பகுதியைக் காட்டினேன். மேசை விளிம்பில் விரலால் அடித்துப் பார்த்து, "மூணாவது பார்ல கை இப்படிக் குறுக்கே போகாதுப்பா" என்றாள். வீடியோவில் அந்த இடத்தில் சரியாக ஒரு சிம்பல்காரர் குறுக்கே நடந்துபோகிறார். கோப்பில் இரண்டு துடிப்பைக் காலியாக விட்டிருக்கிறேன், வேறு கோணத்தில் யாராவது எடுத்திருப்பார்கள்.